மூன்று குழல்களுக்கு யாரும் எழுதவில்லை

அக்டோபர் 4, சனி

நானூறு வருஷமாகக் காகிதத்தில் இசை எழுதிக் குவித்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், எங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். நாதஸ்வரம், கிளாரினெட், யூஃபோனியம் மூன்றும் சேர்ந்து வாசிக்க ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை. நாதஸ்வரம் அவர்களுக்குத் தெரியாதாம். மிளகைத் தெரிந்துகொள்ளக் கப்பல் ஏறி வந்தவர்களுக்கு, மிளகு விற்ற ஊரில் ஊதின குழல் மட்டும் காதில் விழவில்லையா?

கோபத்துக்குக் காரணம் இன்று காலை திருப்பதியில் நடந்தது. ஒரு தனியார் அரங்கில் டிசம்பர் 13 அன்று சிறு குழுக்களுக்கான இசை மாலை. இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை. பாட்டு கிடையாது, மைக் கிடையாது, வந்தவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் மூவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். செயலாளர் லக்ஷ்மிநரசிம்மன் மரியாதையான மனிதர். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படிவத்தைப் படித்தார்.

"கிளாரினெட், யூஃபோனியம்னா அது பேண்டு இல்லையோ? பேண்டை வாசல்ல வெச்சுப்போம்மா, வரவாளை வரவேற்க. அதுக்கும் லிஸ்டுல இடம் இருக்கு."

"நாங்க மேடைக்குத்தான் கேக்கறோம் சார்."

"மேடைக்கு எழுதின சங்கீதம் வேணும். இஷ்டத்துக்கு ஊதறது இல்லை. இந்த மூணு வாத்யத்துக்கும் நோட்டு இருந்தா, நவம்பர் முடியறதுக்குள்ள கொண்டு வாங்கோ. நானே நாற்காலி போடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை தாராளம்.

கண்டுபிடிக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

புத்தூரில் ரயில் ஏறும்போதே ஒரு ஆள், "இன்னாம்மா, கேஸ் சிலிண்டரா?" என்றான் என் பித்தளை யூஃபோனியத்தின் பெட்டியைப் பார்த்து. ஆமாம், வெடிக்கும், தள்ளி உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தான்.

ரேணிகுண்டா சர்ச்சின் பின் ஹாலில் ஆராதனை முடிந்ததும் பயிற்சி. ஜெபகுமார் அண்ணன் வெல்டர். சர்ச் குழுவில் கிளாரினெட். எங்களில் மேற்கத்திய நோட்டைச் சரளமாகப் படிப்பவர் அவர் ஒருவர்தான். நான் யூடியூப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ரகு நாதஸ்வரம் டிப்ளமா. அவனுக்கு ஸரிகம மட்டும்தான்.

மூவரும் சேர்ந்தது போன வருஷம் திருப்பதி கல்யாணம் ஒன்றில். ரகு அவன் தாய்மாமன் ரங்கையாவின் மேளச் செட்டில் உள்ளே ஊதினான். நானும் ஜெபா அண்ணனும் என் அப்பா முனுசாமி நைனாவின் பேண்டில் வெளியே ஊதினோம். பேண்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. அண்டா கழுவுகிற இடத்தில் பசியோடு நின்றபோது சும்மா இருக்க முடியாமல் வாசித்தோம். சத்தம் கேட்டு ரகு குழலோடு வந்தான். சோறு வந்து ஆறிப் போனது. யாரும் போகவில்லை.

அக்டோபர் 7

காப்புரிமை தீர்ந்த நோட்டுகளை இலவசமாகத் தரும் தளம் ஒன்று கிடைத்திருக்கிறது. நான் வேலை செய்யும் ஶ்ரீசிட்டி கம்பெனியின் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் — தேடல் மட்டும்தான். நாலு பஸூனுக்கு இருக்கிறது. ரெண்டு புல்லாங்குழலும் ஒரு கொம்பும் வாசிக்க இருக்கிறது. யார் வீட்டில் இருந்தது இப்படி ஒரு சேர்க்கை? யாரோ மூன்று நண்பர்கள் வீட்டில் இருந்திருக்கும். அவர்களுக்காக ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

அக்டோபர் 9, வியாழன்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

ஓபோ, கிளாரினெட், பஸூன் — மூன்றுக்கும் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி. எழுதியவன் பெயர் இல்லை. பதினான்கு நிமிஷம், நாலு பகுதி. ஓபோவும் நாதஸ்வரம் மாதிரி இரட்டை நாக்குக் குழல்தான். பஸூன் கீழே முனகும் குழல். யூஃபோனியம் அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். கிளாரினெட் கிளாரினெட்தான். முதல் பக்கத்தின் மேலேயே, "ஓபோ, இல்லையென்றால் புல்லாங்குழல்" என்று எழுதியிருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இல்லையென்றால்! இருப்பதை வைத்து வாசி என்று அவனே சொல்கிறான்.

அதோடு இன்னொன்றும் படித்தேன். அந்தக் காலத்தில் பிரபுக்கள் சாப்பிடும்போதும் தோட்டத்தில் உலாவும்போதும் ஊதுவதற்கு இப்படிச் சின்னக் குழுக்களை வைத்திருந்தார்களாம். ஊதினவர்களில் பலர் அந்த வீட்டு வேலைக்காரர்கள். பகலில் பாத்திரம் தூக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுச் சீருடையோடு குழல் எடுத்திருக்கிறார்கள். தோளில் தங்க ஜரிகை, வரிசையாகப் பித்தளைப் பொத்தான்.

நைனாவின் பேண்டு கோட்டைப் போய்ப் பார்த்தேன். அதே ஜரிகை. அதே பொத்தான்.

கேன்டீனில், கூட வேலை செய்யும் ஸ்ரீஜாவிடம் சொன்னேன். "நீ ஏன் அழற?" என்றாள். அழவில்லை. சந்தோஷத்தில் சாம்பார் புரையேறிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓபோ பாகத்தை ரகுவுக்கு ஸரிகமவில் எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பக்கம். விரல் வீங்கிவிட்டது.

முதல் நாலு வரி வாசித்ததும் ரகு குழலை இறக்கினான். "அக்கா, இது சேரலையே. காதுல முள்ளு மாதிரி கீது."

ஜெபா அண்ணன் சொன்னார்: "தம்பி, வெஸ்டர்ன்ல அப்படித்தான். வேணும்னே இடிக்க வெப்பாங்க. பேப்பர்ல இருக்கறத வாசி."

"பேப்பருக்கு காது கீதா அண்ணா?"

பேசாம வாசிடா என்றேன். நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்னும் இடிக்கிறது. பழகிக்கொண்டு வருகிறோம். நாளை தீபாவளி, இன்று இரண்டு மணி நேரம்தான். நாதஸ்வரம் எங்கள் இருவரையும் விழுங்குகிறது. ரகுவை ஹாலின் கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். வகுப்பில் தண்டனை வாங்கினவன் மாதிரி இருந்தான். அப்படியும் அவன் குரல்தான் மேலே.

ஆனாலும் உட்கார்ந்து வாசிக்கிறோம். பன்னிரண்டு வயதிலிருந்து நைனாவின் பேண்டில் ஊதுகிறேன். பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள் என்பதால் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நடந்துகொண்டே. உட்கார்ந்து ஊதினால் மூச்சு இத்தனை நீளம் என்று இந்த மாதம்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

அவமானம். எழுதிவிடுகிறேன்.

போனில் பதிவு செய்ததை நைனா கேட்டுவிட்டார். சோறு தின்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அந்த நாதஸ்வரக்காரன் வேற வண்டி ஏறிட்டானா?"

"வெஸ்டர்ன் நைனா. அப்படித்தான்."

"இன்னா வெஸ்டர்ன்? அவன் ஒரு கட்ட மேல ஊதிக்கினு கீறான். நீங்க ரெண்டு பேரும் கீழ ஊதிக்கினு கீறீங்க. மூணு வாரமா இதத்தான் கத்துக்கினு இருந்தீங்களா? ரெண்டு ஊரு பேண்டு ஒரே ரோட்டுல எதிரெதிரா வந்தா இப்படித்தான் கேக்கும்."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். தாளில் இருந்த முதல் சுரத்தை நான் 'ஸ' என்று எழுதினேன். ஹார்மோனியத்தில் அது ஒரு கட்டை. ரகுவுக்கு ஸ என்றால் அவன் குழலின் ஸ. அது இரண்டு கட்டை. நாதஸ்வரக்காரனுக்கு ஸ வேறெங்கும் இருக்க முடியாது. எங்களுக்கு அது தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் மூன்று பேரும் காகிதத்துக்குப் பயந்து காதை மூடிக்கொண்டோம். ரகு முதல் நாளே சொன்னான். அவனைப் பேசாம வாசிடான்னு சொன்னது யாரு? நாந்தான். செயலாளர் என்னை வாசலில் நிற்கச் சொன்னதும் இதே தோரணைதானே?

ரகுவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அக்கா. நான் கூட மாடர்ன்னு நெனச்சு வீட்டுல பீத்திக்கினேன்" என்றான்.

நவம்பர் 4

அவன் குழலின் துளையை மாற்ற முடியாது. மற்ற இரண்டு பாகங்களையும் ஒரு கட்டை தூக்கி எழுத வேண்டும். இருபத்து மூன்று பக்கம்.

நவம்பர் 5

கேன்டீன் மேஜை. ஏழு பக்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று சேர்ந்தது.

எப்படிச் சொல்ல? இரண்டாம் பகுதியில் ரகு ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, அதன் அடியில் ஜெபா அண்ணன் இறங்கி வர, நான் இன்னும் கீழே இறங்க — ஹாலின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரீங்காரம் போட்டது. மூவரும் நிறுத்திவிட்டு மேலே பார்த்தோம். கூரையில் வேறு எதுவும் இல்லை. நாங்கள்தான்.

ரகு, "பாகுந்தி, பாகுந்தி" என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். ஜெபா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்ச் காவலர் வந்து எட்டிப் பார்த்தார். "மறுபடி வாசிங்க" என்றார். வாசித்தோம்.

ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எங்களுக்கு முடிக்கத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பேண்டில் பாட்டுக்கு முடிவு கிடையாது. மண்டப வாசல் வந்ததும் நைனா கையைத் தூக்குவார். எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே வெட்டிவிடுவோம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு பாட்டைக்கூடக் கடைசி வரை வாசித்ததில்லை என்று இன்றுதான் உறைத்தது. இந்தப் பெயரில்லாதவன் கடைசிப் பக்கம் முழுவதும் முடிப்பதற்கென்றே எழுதியிருக்கிறான். மெதுவாக, மெதுவாக, பிறகு மூன்றே சுரம்.

பதினொரு முறை முயன்றோம். நான் அவசரப்படுகிறேன். யாரோ வெட்டிவிடப் போகிறார்கள் என்ற அவசரம்.

நவம்பர் 28, வெள்ளி

ஷிப்ட் முடிந்து நேராகத் திருப்பதி. மூன்று பிரதி, ஸ்பைரல் போட்டு. லக்ஷ்மிநரசிம்மன் சார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது ஓபோவுக்குன்னா எழுதியிருக்கு?"

"இல்லையென்றால்" என்ற வரியைக் காட்டினேன். சீருடைக் கதையையும் சொன்னேன். நிஜமாகவே ஆர்வமாகக் கேட்டார். பக்கங்களைப் புரட்டினார், விரலால் தாளம் போட்டார். படிக்கத் தெரிந்தவர்.

"பேஷ். இதை எழுத எத்தனை நாளாச்சு? மூணு நாற்காலி போதுமோல்லியோ?"

போதும் சார்.

மலையடிவாரம் வரை காரணமில்லாமல் நடந்துவிட்டுப் பிறகு பஸ் ஏறினேன். மேடை. உட்கார்ந்து. பதினான்கு நிமிஷம்.

டிசம்பர் 6, சனி

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது.

மாலை 5.15, வாசலில் வரவேற்பு இசை: பேண்டு.
மாலை 6.00, மேடையில் மங்கள இசை: நாதஸ்வரம், ரகு.

எங்கள் நோட்டு இல்லை. எங்கள் பெயர் இல்லை. ரகுவைத் தனியாகப் பிரித்து உள்ளே எடுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் வாசலில் வைத்துவிட்டார்கள்.

போன் செய்தேன்.

"எனக்கு ஆட்சேபணையே இல்லைம்மா. கமிட்டி. நாதஸ்வரம் மங்கள வாத்யம், அதை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மத்தது… புரிஞ்சுக்கோங்கோ."

"எழுதின நோட்டு கேட்டீங்க. குடுத்தோம். அதுல இன்னா தப்பு இருந்திச்சு சார்?"

"தப்புன்னு இல்லை."

தப்பு இல்லை. அதுதான் பதில்.

நைனா சொன்னார்: "கேட்டுல ஊதறதுல இன்னா கொறச்சல்? முப்பது வருஷமா கேட்டுல தான் ஊதிக்கினு கீறேன். அதுல தான் நீ வளந்த."

தெரியும் நைனா. அதனாலதான் கேக்கறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ரகு பயிற்சிக்கு வரவில்லை.

டிசம்பர் 9

போன் எடுத்தான். ரங்கையா மாமா சொல்லிவிட்டாராம்: தனி மேடை தேடி வருது, போய் வாசி, பேண்டுக்காரர்களோடு உட்கார்ந்தால் என் செட்டுக்கு வராதே. ரகுவின் பிழைப்பு அந்த செட்தான்.

"நீங்க இன்னா சொல்றீங்க அக்கா?"

நீயே முடிவு செய் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாகிவிட்டது. நாங்கள் இருவரும் வாசலுக்குப் போகிறோம், போய் எங்கள் இரண்டு பாகத்தையாவது வாசிக்கிறோம் என்றேன். ஜெபா அண்ணனும் அதற்குச் சம்மதித்திருந்தார். மேல் பாகம் இல்லாமல் அது எப்படிக் கேட்கும்? கூரை இல்லாத வீடு மாதிரி.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஐந்து மணிக்கு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டேன். "பேண்டுக்கு எதுக்கு நாற்காலி?" என்றான் காவலாளி. நானே உள்ளே போய் எடுத்து வந்தேன். ஜெனரேட்டர் ஒரு பக்கம், ஆட்டோக்கள் ஒரு பக்கம். ஜெபா அண்ணன் ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார். நோட்டைக் காற்று அடிக்காமல் துணி கிளிப் போட்டேன்.

அப்போது பட்டு வேட்டியோடு ரகு வந்தான். ஒரு கையில் குழல், ஒரு கையில் நாற்காலி.

"உள்ள ஆறு மணிக்குத்தானே. மொதல்ல இது" என்றான்.

"மாமா?"

"மாமாக்கு நேத்தே சொல்லிட்டேன். திட்டினாரு. நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

எங்களுக்குப் பின்னால், மதிலை ஒட்டி நாற்காலியைப் போட்டான். ஆரம்பித்தோம்.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை: ஹாலில் இரண்டு மாதமாகப் படியாத சமநிலை அந்த வாசலில் படிந்தது. வெட்டவெளியில் நாதஸ்வரம் விரிந்து போய், எங்கள் இருவருக்கும் இடம் விட்டது. கார் நிறுத்தி இறங்கியவர்கள் உள்ளே போகவில்லை. முதலில் ஐந்தாறு பேர். பிறகு படிக்கட்டு முழுக்க. ஆட்டோக்காரர் ஒருவர் இன்ஜினை அணைத்தார். பக்கத்து வண்டியையும் அணைக்கச் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், பட்டுப் புடவைகள் நின்றுகொண்டிருந்தன.

நாலாம் பகுதியின் நடுவில் லக்ஷ்மிநரசிம்மன் சார் வேகமாக வந்தார். சிறப்பு விருந்தினரின் கார் தெருமுனை திரும்பிவிட்டது, ரகுவும் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

நான் நிறுத்திவிட்டேன்.

யோசித்து இல்லை. கை எழுந்தது, என் உதடு தானாக நின்றது. பதின்மூன்று வருஷப் பழக்கம்.

ஜெபா அண்ணன் நிறுத்தவில்லை. ரகு நிறுத்தவில்லை. அடிக்குரல் இல்லாமல் இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு போனார்கள். ஜெபா அண்ணன் ஊதிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார் — வெல்டிங் கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்க்கிற மாதிரி. நான்கு தாள வட்டம் போனபின் மூச்சு இழுத்தேன், உள்ளே நுழைந்தேன். சார் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். கடைசிப் பக்கம் வந்தது. நான் அவசரப்படவில்லை. மெதுவாக. இன்னும் மெதுவாக. மூன்று சுரம்.

முடிந்தது. ஒரு பாட்டு, என் வாழ்க்கையில், முடிந்தது.

பின்னால் நின்ற கார் ஒன்று ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகுதான் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் அந்தக் காருக்குள் இருந்தார்.

டிசம்பர் 17, புதன்

ரங்கையா இரண்டு முகூர்த்தத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். "பாக்கலாம் அக்கா" என்கிறான் ரகு. குரலில் சிரிப்பு இல்லை. இதில் எனக்குப் பங்கு உண்டு. அதை நான் மறக்கக் கூடாது, அவ்வளவுதான். நைனா, "நம்ம செட்டுக்கு வரச் சொல்லு, வாசல்ல சன்னாயி வெச்சா இன்னா கேடு?" என்கிறார். நாதஸ்வரம் அவருக்குச் சன்னாயி.

டிசம்பர் 19, வெள்ளி

சித்தூரிலிருந்து சலீம் என்று ஒருவர் போன் செய்தார். யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தாராம். பேண்டுக்காரர்.

"மேடம், அந்த நோட்டு குடுப்பீங்களா? எங்க கிட்ட டிராம்போன் ரெண்டு கீது, சாக்ஸ் ஒண்ணு. இதுக்குன்னு எதுவுமே கெடைக்கல. தேடித் தேடி அலுத்துட்டோம்."

மேடமாம். நோட்டு கேட்கிறார். என்னிடம்.

கம்பெனி பஸ்ஸில் வைத்தே எழுத ஆரம்பித்துவிட்டேன். சாக்ஸுக்கு ஒரு மாதிரி தூக்க வேண்டும், டிராம்போனுக்கு வேறு மாதிரி. முதல் பக்கத்தில் யார் யார் எதை வாசிக்கலாம் என்று எழுதியபோது வரி நீண்டுகொண்டே போனது.

டிசம்பர் 21, ஞாயிறு

பயிற்சி. மூன்று பேரும் வந்தோம். சலீமுக்கு இரண்டு பகுதி அனுப்பியாகிவிட்டது.

லக்ஷ்மிநரசிம்மன் சாரின் வாட்ஸப் குழுவில் மாலை நிகழ்ச்சியின் படங்கள் போட்டிருக்கிறார்கள். வாசல் படமும் இருக்கிறது. கீழே வந்த பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்: என்ன சேர்க்கை, எவ்வளவு பொருத்தம், திறந்த வெளிக்கென்றே பிறந்த இசை. அடுத்த வருஷமும் இவர்களையே வாசலில் வைக்கலாம் என்று ஒருவர். கட்டைவிரல் நாற்பத்தொன்று.

வெளியே நன்றாக ஒலித்தோம். ஆமாம். அது எங்களை வெளியே நிறுத்தக் காரணம் ஆகாது. உள்ளே நன்றாக ஒலிக்கிற ஒன்றை எழுதிக்கொண்டு வருவோம். ரகுவிடம் நாதஸ்வரத்தைவிடச் சின்னதாக, மெல்லிய குரலோடு ஒரு முகவீணை இருக்கிறது, அதை வைத்து ஆரம்பித்துவிட்டோம். அந்தக் கதவு எங்கள் பிரச்சினை இல்லை, அவர்களுடையது.

சாருக்கு எழுதினேன்:

"சார், நீங்கள் கேட்ட நோட்டைக் கொடுத்தோம். தப்பில்லை என்று நீங்களே சொன்னீர்கள். உள்ளே, மேடையில், மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினான்கு நிமிஷம் வேண்டும். பெயர்கள் அழைப்பிதழில் வர வேண்டும்: கன்னிகா, ஜெபகுமார், ரகு. தேதி மட்டும் சொல்லுங்கள்."

நாலு பத்துக்கு நீல டிக் விழுந்தது. இப்போது மணி ஆறு நாற்பது.